கழுத்து நோவும் கிடைக்காத பத்து நிமிடமும்



கொஞ்சம் நீளமான பதிவு. கட்டிலில் சாய்ந்து, நாடி நெஞ்சில் முட்ட முட்டக் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் எழும்பி உட்காருங்கள். போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். சொல்ல வந்த விசயத்தில் பாதி அதுதான்.

தவணைப் பரீட்சை முடிந்த கிழமை. எங்கள் ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை விடைத்தாள் கட்டு. பகலில் பாடசாலையில் குனிந்து திருத்தினோம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தும் திருத்தினோம். மூன்றாம் நாள் காலையில் எங்களில் ஒருவர் வந்த கோலம் வேறு மாதிரி இருந்தது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினார். "என்ன டீச்சர், றோபோ மாதிரி?" என்று தரம் 7 பிள்ளையொன்று கேட்டது. டீச்சரும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பாடசாலை விட்ட பிறகு மிச்சத் தாள்களைத் திருத்த நின்றோம். ளுஹர் தொழுதுவிட்டு வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வலப்பக்கம் ஸலாம் கொடுத்தன். இடப்பக்கம் திரும்ப ஏலல்ல" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அறையில் பேச்சு முழுக்கக் கழுத்துதான். பாதிக்கு மேற்பட்ட எங்களுக்கு அந்த நோவு இருந்தது. சிலருக்கு வருடக் கணக்கில். யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையிடி என்றால் சொல்வோம், காய்ச்சல் என்றால் லீவு போடுவோம். கழுத்து நோவு மட்டும் பெரிய விசயமாக யாருக்கும் படுவதில்லை. "படுக்கையில சரியாப் படுக்கல்ல போல" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கின்றோம்.

ஆளாளுக்கு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சித்தாலேப பூசிப் பூசித் தோலே கறுத்துப்போயிருந்தது. ஒருவர் பாமசியில் "கழுத்து நோவுக்குக் குளிசை தாங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கின்றார். ஒருவர் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்ஞ்சிருக்காம்" என்று பயந்துபோய், வாளி தூக்குவதைக்கூட விட்டிருந்தார். ஒருவர் கொலர் வாங்கி இரண்டு மாதம் போட்டிருந்தார். எங்கள் ஆண் ஆசிரியர் ஒருவர் முடி வெட்டப் போன சலூனில் "கழுத்த ஒருக்கா உடைச்சு விடுறன் சேர்" என்று சொன்னதற்குத் தலையைக் கொடுத்திருக்கின்றார். டக்கென்று சத்தம் கேட்டது, அந்த நேரம் சுகமாகத்தான் இருந்தது என்றார். அடுத்த நாள் தொடங்கிய நோவு இரண்டு கிழமைக்கு விடவில்லை.

இத்தனை பேரில் ஒருவர்கூட வீட்டில் எளிய கழுத்துப் பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கவில்லை. சிலர் வைத்தியர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பிசியோதெரபி பிரிவில் படம் போட்ட தாளே ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அது ஹேண்ட்பேக்கில் மடிந்து கிடந்தது.

ஏன் செய்யவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்பு கழுத்தைப் பற்றிக் கொஞ்சம்.

*

நாங்கள் ஆசிரியர்கள் அல்லவா, பாடம் நடத்தாமல் விடமாட்டோம். மனிதனுக்குக் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. அந்த ஏழு எலும்புகளுக்கு மேலே நமது தலை இருக்கின்றது. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ, அதாவது கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றின் பாரம்.

அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் நேரம் போவது தெரியாது. கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் கை நடுங்கும். கழுத்திலும் அதுதான் நடக்கின்றது. தலை தோளுக்கு நேர் மேலே இருக்கும்போது எலும்புகள் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. குனியும்போது பின்கழுத்துத் தசைகள் தலையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் 2014இல் இதைக் கணினி மாதிரி ஒன்றில் கணக்கிட்டார். 60 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் ஏறத்தாழ 27 கிலோ என்று வந்தது. உயிருள்ள மனிதரின் கழுத்தில் அளந்தது அல்ல, கணக்குத்தான். என்றாலும் யோசித்துப் பாருங்கள். தரம் 4 பிள்ளையொன்றைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு இரவு பதினொரு மணி வரை விடைத்தாள் திருத்துவது போல.

தோள்பட்டை எலும்பின் மேல் மூலையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசையொன்று இருக்கின்றது. கழுத்துப் பிடித்துக்கொள்ளும்போது நாங்கள் விரலால் அமர்த்தித் தேடும் "அந்த இடம்" பெரும்பாலும் இந்தத் தசையின் அடிதான். நீண்ட நேரம் ஒரே நிலையில் இருந்தால், கோணலாகப் படுத்தால், ஒரே தோளில் பாரமான பையைத் தொங்கவிட்டால் அது இறுகிப்போகும். மனக்கவலை இருந்தாலும் நமக்குத் தெரியாமலே தோளை உயர்த்தி இறுக்கி வைத்திருப்போம், அப்போதும் இறுகும்.

நல்ல செய்தி என்னவென்றால், திடீரென்று வரும் இந்தப் பிடிப்பில் பெரும்பாலானவை ஒரு சில நாட்களில், கூடினால் ஒன்றிரண்டு கிழமையில் தானாகக் குறைந்துவிடும். அடிக்கடி திரும்பி வருவதுதான் பிரச்சினை. திரும்பி வராமல் தடுக்கும் வேலையைக் குளிசையாலும் தைலத்தாலும் செய்ய முடியாது. தசையைத் தளர்த்தி, பிறகு பலப்படுத்தினால்தான் முடியும்.

எலும்புத் தேய்வு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயது போகப் போகத் தலைமுடி நரைப்பது போல, கழுத்தெலும்பிலும் மாற்றம் வரும். எந்த நோவும் இல்லாத பலருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் அதே தேய்வு தெரியும். அதைக் காரணம் காட்டிக் கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நோவைக் கூட்டும். கொலரும் அப்படித்தான். வைத்தியர் ஒரு காரணத்துக்காகப் போடச் சொன்னால் போட வேண்டும். நாமாக வாங்கி மாதக் கணக்கில் போட்டால், வேலையில்லாத தசை பலம் இழந்துபோகும்.

குளிசை விசயத்திலும் கவனம் வேண்டும். டைக்ளோபெனக், ஐபுப்ரோபன் போன்றவை இரண்டு மூன்று நாளைக்கு உதவலாம். கேட்டுக் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், பிரஷர் கூடும், சிறுநீரகம் கெடும். பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தம், கேஸ்ட்ரைட்டிஸ் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சலூனில் கழுத்து உடைப்பதைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகின்றோம்: செய்யாதீர்கள். முடி வெட்டும் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம், நல்ல மனதோடுதான் செய்கின்றீர்கள். ஆனால் கழுத்தெலும்புகளின் துவாரங்களுக்குள்ளால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் ஏறிப் போகின்றன. சடுதியாக முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் கட்டி, பாரிசவாதம் வரலாம். அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. ஆனால் நடந்தால் திருத்த ஏலாது. ஒரு டக் சத்தத்துக்காக அந்த ஆபத்து எதற்கு?

*

இனி வீட்டில் செய்யக்கூடியது. இதில் எதுவும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிசியோதெரபி பிரிவுகளில் வழமையாகச் சொல்லித் தருபவைதான். அந்த மடிந்த தாளை எடுத்து விரித்து, எங்கள் அறையில் எல்லோரும் சேர்ந்து செய்து பழகிய வரிசையில் தருகின்றோம்.

முதலில் சூடு. துவாயைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கழுத்திலும் தோளிலும் 15 நிமிடம் போடுங்கள். தைலம் பூசிய இடத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம், தோல் வெந்துபோகும். சீனி வருத்தத்தால் உணர்வு குறைந்தவர்கள் சூடு சரிதானா என்று வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு, கை பிடி இல்லாத கதிரையில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில்.

1. தோள் சுழற்றல். இரண்டு தோளையும் காதை நோக்கி உயர்த்தி, பின்னால் கொண்டுபோய், கீழே விடுங்கள். மெதுவாக 10 தடவை.

2. பக்கம் திரும்பல். நோகாத பக்கத்தில் தொடங்குங்கள். தலையை மெதுவாகத் திருப்பி, இறுக்கம் தெரியும் இடத்தில் நின்று, 5 வரை எண்ணி, நடுவுக்கு வாருங்கள். பிறகு மற்றப் பக்கம். பக்கத்துக்கு 5 தடவை. நேற்று போன தூரத்தைவிட இன்று கொஞ்சம் கூடப் போனால் போதும்.

3. பக்கம் சாய்த்தல். வலது காதை வலது தோளை நோக்கிச் சாயுங்கள். காதுதான் தோளுக்குப் போக வேண்டும், தோள் காதுக்கு ஏறக் கூடாது. 15 விநாடி. பக்கத்துக்கு 3 தடவை. மூச்சை அடக்க வேண்டாம்.

4. கீழே பார்த்தல். நாடியை நெஞ்சை நோக்கி இறக்கி 10 விநாடி. பிறகு நேராக வாருங்கள். மேலே பார்ப்பதை மெதுவாகச் செய்யுங்கள். வயதானவர்களுக்குத் தலை சுற்றினால் மேலே பார்ப்பதை விட்டுவிடலாம்.

5. நாடியை உள்ளே இழுத்தல். எங்களுக்கு ஆகக்கூடுதலாக உதவியது இதுதான். சுவரில் முதுகு படும்படி நின்று, நேரே பார்த்தபடி, குனியாமல் நிமிராமல் நாடியை மட்டும் பின்னால் இழுங்கள், லாச்சியை உள்ளே தள்ளுவது போல. இரட்டை நாடி விழும். அழகாக இருக்காது, பரவாயில்லை. 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை.

6. தோள்பட்டையைச் சேர்த்தல். முதுகின் நடுவில் ஒரு பென்சிலை இடுக்கிப் பிடிப்பது போல இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேருங்கள். 5 விநாடி. 10 தடவை.

7. நோவு குறைந்த பிறகு மட்டும்: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ளுங்கள், கையால் தலையைத் தடுங்கள். தலை அசையக் கூடாது. முழுப் பலத்தையும் போடாமல் 5 விநாடி. இதேபோல் பின்தலையிலும் இரண்டு பக்கங்களிலும் ஐந்தைந்து தடவை. கழுத்தைப் பலப்படுத்துவது இதுதான்.

எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் போகும். காலையிலும் மாலையிலும் செய்யுங்கள். ஏலுமானால் இடையில் ஒரு தடவை. இழுபடும் உணர்வு இருக்கலாம். குத்தும் நோவு, தலைச்சுற்று, கை விறைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். தலையைச் சக்கரம் போலச் சுற்றாதீர்கள். யாரையும் கழுத்தைப் பிடித்துத் திருப்ப விடாதீர்கள். நோவு போன பிறகும் நிறுத்தாதீர்கள்.

கழுத்துப் பிடித்திருக்கும் நாட்களில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டியோ ஓட வேண்டாம். பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்க்க முடியாதவர் வீதியில் இறங்குவது அவருக்கும் ஆபத்து, மற்றவருக்கும் ஆபத்து.

*

இதை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். கீழுள்ளவற்றில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், வைத்தியசாலைதான்.

காய்ச்சல், கடும் தலையிடி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமை ஆகியவற்றோடு கழுத்து விறைப்பு வந்தால் அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். பிள்ளைகளில் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. விழுந்து, அல்லது விபத்தில் அடிபட்டு வந்த கழுத்து நோவு. கை, விரல்கள் விறைத்தல், பிடி பலம் குறைதல், பொத்தான் பூட்ட ஏலாமை, நடை தடுமாறுதல், சலம் மலம் கட்டுப்படாமை. இதுவரை வந்திராத கடும் தலையிடியோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து, நோவு கழுத்துக்கும் நாடிக்கும் இடது கைக்கும் பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். "வாயு" என்று சொல்லி இஞ்சி பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாகவே வரும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று கிழமை பயிற்சி செய்தும் குறையாத நோவையும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் நோவையும், காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் நோவையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

*

இப்போது கேள்விக்கு வருவோம். இவ்வளவு எளிதானதை நாங்கள் ஏன் செய்யவில்லை?

ஒரு காரணம், அதற்குச் செலவு இல்லை. காசு கொடுத்து வாங்காததை மருந்தாக நாம் மதிப்பதில்லை. குளிசை எழுதாமல் "பயிற்சி செய்யுங்கள்" என்று அனுப்பிய வைத்தியரை, "ஒண்டும் தரல்ல, சும்மா அனுப்பிட்டார்" என்று குறை சொல்கின்றோம். அவர் தந்ததுதான் மருந்து.

இரண்டாவது காரணம், "நாள் முழுக்க வேலை செய்ற ஆளுக்கு எக்ஸசைஸ் என்னத்துக்கு?" என்ற பேச்சு. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் நமது வேலைகளை எண்ணிப் பாருங்கள். தேங்காய் திருவுவது, மீன் வெட்டுவது, சுளகில் அரிசி புடைப்பது, தையல் மெஷினில் உட்காருவது, மருதமுனைத் தறியில் நெய்வது, கொப்பி திருத்துவது, கடையில் கணக்கெழுதுவது, போன் பார்ப்பது. எல்லாமே முன்னால் குனிந்து செய்பவை. ஒன்றாவது கழுத்தைப் பின்னால் கொண்டுபோகின்றதா? வேலை தசையை ஒரே திசையில் களைக்க வைக்கின்றது. பயிற்சி அதை மறுதிசையில் கொண்டுபோகின்றது. இரண்டும் ஒன்றல்ல.

"அஞ்சு நேரம் தொழுறமே, அதுவே எக்ஸசைஸ்தானே" என்று சொல்பவர்களும் உண்டு. அன்பாகச் சொல்கின்றோம், தொழுகையை உடற்பயிற்சியாக்க வேண்டாம். அது இபாதத். அதில் உடம்புக்கு நன்மை இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொழுகையைக் காட்டிக் கழுத்தைக் கவனிக்காமல் விட்டால், கடைசியில் எங்கள் டீச்சரைப் போல ஸலாம் கொடுக்கக்கூடத் திரும்ப ஏலாமல் போகும். உடம்பு அமானிதம். அதைப் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

மூன்றாவது காரணம்தான் பெரியது, சொல்லச் சங்கடமானது. எங்கள் வீடுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் இல்லை.

கழுத்துப் பிடித்த அந்த டீச்சரிடம் "ஏன் செய்யல்ல?" என்று கேட்டபோது, அவர் தனது நாளைச் சொன்னார். சுபஹுக்கு முன்பு எழும்புகின்றார். காலைச் சாப்பாடு, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, பகலுக்குக் கறி. ஏழு மணிக்குப் பாடசாலை. இரண்டு மணிக்கு வீடு. அசருக்குப் பிறகு பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மஃரிபுக்குப் பிறகு அவர்களின் வீட்டுப் பாடம், இரவுச் சாப்பாடு, கழுவல். பத்து மணிக்குப் பிறகு விடைத்தாள். "இதில எங்க நான் சுவரோட சாஞ்சி நாடிய இழுத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.

பத்து நிமிடம் இல்லை என்பதல்ல முழு உண்மை. அவர் பத்து நிமிடம் சும்மா நின்றால், அந்த நேரம் யாராவது கூப்பிடுவார்கள். "உம்மா, சொக்ஸ் எங்க?" "தேத்தண்ணி போடல்லயா?" ஒரு பெண் குளிசை போடும்போது அவளை யாரும் தொந்தரவு செய்வதில்லை, அது மருந்து. அதே பெண் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது "சும்மா இருக்கிறது". ஆகவே அவள் குளிசையையே போடுகின்றாள். வயிறு புண்ணாவதும் அவளுக்குத்தான்.

எங்களுக்கு இதை மாற்ற வழி தெரியவில்லை. அதனால் சின்னதாகத் தொடங்கினோம். இடைவேளையின் முதல் ஐந்து நிமிடம் ஆசிரியர் அறையில் யாரும் உட்காருவதில்லை. பெண்கள் ஒரு பக்கச் சுவர், ஆண்கள் மறுபக்கச் சுவர். தோள் சுழற்றல், பக்கம் திரும்பல், நாடி இழுத்தல். முதல் நாள் சிரிப்புத்தான். கூட்டிப் பெருக்க வரும் ராத்தாவும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாலாம் நாள் தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். எங்களைவிட அவருக்குத்தான் அது தேவைப்பட்டது.

அந்த டீச்சர் வீட்டிலும் தொடங்கினார். முதல் நாள் சுவரோடு நின்றபோது மாமி பார்த்துவிட்டு, "என்ன மகள், ஒண்டும் காணாதத்தக் கண்டு பயந்திட்டியா?" என்று கேட்டாராம். விளக்கிச் சொன்னார். மாமி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பேரப்பிள்ளை உம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தபோது மாமிதான் மறித்தார்: "உம்மா மருந்து எடுக்கிறா. பொறு." அந்த ஒரு வசனத்தை டீச்சர் எங்களிடம் வந்து சொன்னபோது, அவருக்கு இரண்டாம் தடவையாகக் கண் கலங்கியது. இப்போது மாமியும் மருமகளும் ஒரே சுவரில் நிற்கின்றார்களாம்.

கழுத்து முழுதாகச் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். அடுத்த தவணை விடைத்தாள் வந்தபோது கொஞ்சம் இறுகத்தான் செய்தது. ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் திரும்புகின்றது.

*

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போய், "உங்களுக்குக் கழுத்து நோகுதா?" என்று உங்கள் மனைவியிடமும் உம்மாவிடமும் ராத்தாவிடமும் ஒரு தடவை கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள், பின்னால் நின்று ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். தலை திரும்புகின்றதா, உடம்பு திரும்புகின்றதா என்று தெரிந்துவிடும். அசருக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கின்றோம்.

பெற்றோரிடமும், நாங்கள் உட்பட ஆசிரியர்களிடமும் இன்னொன்று. சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடம் நேரசூசியில் இருக்கின்றது. பரீட்சை நெருங்கும்போது முதலில் கை வைப்பது அந்தப் பாடவேளையில்தான். "கணிதம் முடியல்ல, அந்தப் பீரியட்டத் தாங்க" என்று நாங்களே கேட்டு வாங்கியிருக்கின்றோம். புலமைப்பரிசில் பிள்ளை பாடசாலையிலும் குனிந்து, டியூஷனிலும் குனிந்து, வீட்டில் மாதிரி வினாத்தாளிலும் குனிந்து இருக்கின்றது. பத்து வயதில் "கழுத்து நோகுது சேர்" என்று சொல்லும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கின்றோம். குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு ரெஹாலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். புத்தகப் பையை இரண்டு தோளிலும் போடச் சொல்லுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடக்க விடுங்கள். மார்க் குறையாது.

படுக்கும்போது தலையணை விசயத்தையும் பாருங்கள். இரண்டு மூன்றை அடுக்கிப் படுத்தால் இரவு முழுக்கக் குனிந்திருப்பதற்குச் சமன். குப்புறப் படுத்தால் இரவு முழுக்கக் கழுத்தைத் திருப்பி வைத்திருப்பதற்குச் சமன். பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் போதும்.

விடைத்தாள் திருத்துபவர்களுக்கு எங்கள் கைவைத்தியம் ஒன்று: பாடநூல்கள் நாலைந்தை அடுக்கி, அதன்மேல் மட்டையொன்றை வைத்து, தாளை அதில் வைத்துத் திருத்துங்கள். கண்ணை நோக்கித் தாள் வரட்டும், தாளை நோக்கிக் கழுத்து போக வேண்டாம்.

இந்தப் பதிவை லைக் பண்ணிவிட்டுப் போகாதீர்கள். வாசித்து முடித்த இந்த இடத்திலேயே போனை வையுங்கள். நிமிர்ந்து இருங்கள். வலப்பக்கம் மெதுவாகத் திரும்புங்கள், ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கமும் சரிசமமாகத் திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். திரும்பாவிட்டால், இன்று அசருக்குப் பிறகு சுவரோடு போய் நில்லுங்கள். யாராவது கூப்பிட்டால், "மருந்து எடுக்கிறன், பொறுங்க" என்று சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.